ஐன், லாம், மீம்

 

இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றைத் தவிர்க்கிறேன். அவருடைய பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகள் இப்போது ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ஆங்கில ஆசிரியை கரும்பலகையில் ஏழு எழுத்துகளை எழுதிப் போடுவாராம். அவ்வெழுத்துகளை மட்டும் கொண்டு, ஓர் எழுத்தை ஒரு சொல்லில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாமல், இயன்ற மட்டும் ஆங்கிலச் சொற்களை எழுதித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். மற்றப் பிள்ளைகள் முப்பது, நாற்பது என்று கொண்டுவர, இவள் ஒன்பது சொற்களோடு போய் நின்றிருக்கிறாள்.

"உம்மா, உங்களுக்கு ஒரு சொல்கூடத் தெரியாதா?" என்று மகள் கேட்டாளாம். "நான் இஷாத் தொழுதுவிட்டு முசல்லாவிலேயே உட்கார்ந்து அழுதேன்" என்று எழுதுகிறார் அந்தத் தாய்.

மறுவாரம் மகள் வாப்பாவின் கைப்பேசியை எடுத்தாள். எழுத்துகளைக் கொடுத்தால் அவற்றில் அடங்கிய சொற்களையெல்லாம் வரிசையாகக் கொட்டித் தரும் பக்கங்கள் அதில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அறுபது சொற்களை எழுதிக் கொண்டுபோனாள். ஆசிரியை அறிவுள்ளவர். அறுபதையும் படித்துப் பார்த்து, மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டார். மூன்றுக்கும் விடையில்லை. வகுப்பு முடியும் வரை பிள்ளை எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அன்று முதல் ஆங்கில வகுப்பு என்றாலே அவளுக்கு வயிற்று வலி வந்துவிடுகிறதாம்.

தாய் கேட்கும் கேள்விகள் இரண்டு. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்பது ஒன்று. குர்ஆன் ஓதவும் தமிழ் வாசிக்கவும் மட்டுமே அறிந்த நான் இதில் என் மகளுக்கு என்ன உதவி செய்ய முடியும் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியே பெரியது. ஆகவே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சகோதரியே! மகள் தலைகுனிந்து வந்த அந்த வாரத்து எழுத்துகளையும் நீங்கள் மறவாமல் எழுதியனுப்பியிருக்கிறீர்கள். ஏ, ஈ, எல், என், ஆர், எஸ், டீ. இவற்றுள் உயிரெழுத்துகள் ஏ, ஈ ஆகிய இரண்டே. மற்றவை ஐந்தும் மெய்.

இனி உங்கள் ஒரு நாளைய பேச்சை நினைத்துப் பாருங்கள். காலையில் அடுப்பில் டீ கொதிக்கிறது. பிள்ளைக்குப் பள்ளி லேட் ஆகிவிட்டது என்று பதறுகிறீர்கள். பேருந்தில் சீட் கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். மீன் விற்கும் பெண்ணிடம் இன்றைய ரேட் விசாரிக்கிறீர்கள். மாதம் பிறந்தால் வீட்டு ரெண்ட். காய்ச்சல் கண்டால் இரண்டு நாள் ரெஸ்ட். ஜவுளிக்கடையில் சேல் போட்டிருக்கிறார்கள். சான்றிதழில் அலுவலக சீல் விழவில்லை. புயல் மாதங்களில் தொலைக்காட்சியைத் திறந்தால் அலர்ட். கைப்பேசியில் நெட் இல்லை. ஊர் எல்லையில் ரியல் எஸ்டேட் பலகை. அதில் முதற்பாதியாகிய ரியல் நமக்குப் போதும். மகளுக்கு முதன்முதலாக வாங்கித் தந்த ஸ்லேட். அவள் வரைந்து பரிசு பெற்ற ஆர்ட். பத்தைக் குறிக்கும் டென், விண்மீனாகிய ஸ்டார், கடைசியைச் சொல்லும் லாஸ்ட், உப்பாகிய சால்ட், கிழக்காகிய ஈஸ்ட்.

எண்ணிப் பாருங்கள், பதினெட்டு. அத்தனையும் அந்த ஏழு எழுத்துகளுக்குள் அடங்கியவை. அத்தனையும் நீங்கள் அன்றாடம் பேசுபவை. மகள் கொண்டுபோனது ஒன்பது. ஒரு சொல்கூடத் தெரியாதவர் என்று அவள் நினைத்த உம்மாவின் வாயில் அதைப்போல் இரு மடங்கு இருக்கிறது. உங்களிடம் இல்லாதது ஸ்பெல்லிங் மட்டுமே. அது மகளிடம் இருக்கிறது. நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள். அவள் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து, ஏழுக்குள் அடங்குகிறதா என்று சொல்லட்டும். வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டதல்லவா?

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பாத்திரக் கடையின் நினைவில் ஸ்டீல் என்று சொல்வீர்கள். அதில் ஈ என்னும் எழுத்து இரு முறை வருவதால் செல்லாது. ஆனால் அதே ஓசையுடைய வேறொரு ஸ்டீல் உண்டு. திருடுதல் என்பது அதன் பொருள். அதில் ஈ ஒன்று, ஏ ஒன்று. அது செல்லும். ஓசை ஒன்று, எழுத்து வேறு என்பது உங்களுக்குப் புதிதன்று. ஐனில் தொடங்கும் அலம் கொடியைக் குறிக்கும். அலிஃபில் தொடங்கும் அலம் வேதனையைக் குறிக்கும். தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒன்றே. ஓதத் தெரிந்தவர் இரண்டையும் ஒன்றாக்க மாட்டார்.

பதினெட்டோடு நிற்க வேண்டியதில்லை. இவற்றைப் பெருக்கும் வழியைச் சொல்லுமுன், அவ்வழியை அகராதிக் கலையாகவே ஆக்கிய ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும். ஆங்கிலப் புதிருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். தொடர்பு மிக நெருக்கமானது.

இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல் ஃபராஹீதி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 100ஆம் ஆண்டையொட்டி, அதாவது கி.பி. 718 வாக்கில், ஓமானில் பிறந்து பஸராவில் வாழ்ந்தவர். அரபு இலக்கணத்தின் தூணாகிய ஸீபவைஹியின் ஆசிரியர். அரபுக் கவிதையின் யாப்புகளைப் பதினைந்து வகையாக முதன்முதலில் வகுத்துத் தந்தவர். பஸராவின் கடைத்தெருவில் செம்பு கொட்டுவோரின் சுத்தியலோசை அவருக்கு அந்த யாப்பின் வழியைக் காட்டியது என்பர்.

அந்த மேதைக்கு ஓர் ஆசை எழுந்தது. அரபு மொழியின் சொற்கள் அனைத்தையும் ஒன்றுகூட விடுபடாமல் ஒரு நூலில் தொகுக்க வேண்டும். எப்படித் தொகுப்பது? பாலைவனத்து அரபிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினால் எது விடுபட்டது என்பதே தெரியாது. ஆகவே அவர் சொல்லிலிருந்து தொடங்காமல் எழுத்திலிருந்து தொடங்கினார். அரபுச் சொல்லின் வேர் பெரும்பாலும் மூன்றெழுத்து. ஏதேனும் மூன்றெழுத்தை எடுத்து அதை எத்தனை விதமாக மாற்றி வைக்கலாமோ அத்தனை விதமாகவும் வைத்துப் பார்த்தார். மூன்றெழுத்துக்கு ஆறு வரிசை. அந்த ஆறில் அரபிகள் வழங்குவன எவை, வழங்காதன எவை என்று பிரித்தார். வழங்குவதற்கு முஸ்தஃமல் என்றும், கைவிடப்பட்டதற்கு முஹ்மல் என்றும் பெயர். ஆறையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தார். இவ்வாறு உருவான அகராதியே கிதாபுல் ஐன். அவர் வகுத்த திட்டத்தின்படி நூலை நிறைவு செய்தவர் அவருடைய மாணவர் லைஸ் என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்.

ஐன், லாம், மீம் என்னும் மூன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐன், லாம், மீம் என்று வைத்தால் இல்ம், கல்வி. ஐன், மீம், லாம் என்று வைத்தால் அமல், செயல். லாம், மீம், ஐன் என்று வைத்தால் லமஅ, மின்னியது. கலீல் இமாமின் நூலில் இல்மையும் அமலையும் தேட இரண்டு இடங்களுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டும் ஒரே தலைப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த மொழியறிஞர் இப்னு ஜின்னீ இந்த மாற்றங்களில் மனம் பறிகொடுத்தவர். ஹிஜ்ரி 392இல் மறைந்த அவர், காஃப், லாம், மீம் என்னும் மூன்றெழுத்தைப் புரட்டிக் காட்டினார். கலிமா அதிலிருந்து வருகிறது. முழுமையைச் சொல்லும் கமால் வருகிறது. அரசராகிய மலிக், ஆட்சியாகிய முல்க் வருகின்றன. குத்துவதைச் சொல்லும் லகம வருகிறது. நீர் வற்றிய கிணற்றைக் குறிக்கும் ஒரு சொல்லும் வருகிறது. ஆறாவது வரிசை மட்டும் முஹ்மல் என்றார். இவையனைத்திலும் வலிமை, கடுமை என்னும் ஒரே பொருள் மறைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. எனக்கென்னவோ அவர் சற்றே இழுத்துப் பொருத்துகிறார் என்றே தோன்றுகிறது. மொழி முழுவதற்கும் இது பொருந்தாது என்று அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். எழுத்து ஒன்றாயிருப்பதால் பொருளும் உறவாயிருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில் சால்ட்டும் லாஸ்ட்டும் ஒரே நான்கு எழுத்துகள். உப்புக்கும் கடைசிக்கும் என்ன உறவு?

இப்போது உங்கள் பதினெட்டுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் கலீல் இமாமைப் போலப் புரட்டுங்கள். டீ என்னும் பானத்தின் மூன்றெழுத்தை மாற்றினால் ஈட், உண் என்று பொருள். மீண்டும் மாற்றினால் ஏட், உண்டான். லேட் புரண்டால் டேல், கதை. ரேட் புரண்டால் கண்ணீராகிய டியர். ஸ்டார் புரண்டால் எலிகளாகிய ராட்ஸ், கலைகளாகிய ஆர்ட்ஸ். அலர்ட் என்னும் ஐந்தெழுத்தைப் புரட்டினால் ஆல்டர், மாற்று. இன்னும் புரட்டினால் லேட்டர், பிறகு. எல்லாவற்றிலும் செழிப்பானது ஸ்லேட். அதன் ஐந்தெழுத்துக்குள் லீஸ்ட் இருக்கிறது, மிகக் குறைந்தது என்று பொருள். ஸ்டேல் இருக்கிறது, ஊசிப்போனது. நாம் முன்பு கண்ட திருடும் ஸ்டீல் இருக்கிறது. கதைகளாகிய டேல்ஸ் இருக்கிறது. ஒரு பழைய சிலேட்டுக்குள் இத்தனையா என்று மகளே வியப்பாள். பதினெட்டு இப்படியே முப்பதைத் தாண்டிவிடும்.

புரட்டுவது என்றால் எல்லா வரிசையையும் எழுதிப் பார்ப்பதா? கூடாது. நான்கெழுத்துக்கு 24 வரிசை, ஐந்துக்கு 120, ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. அந்த ஏழெழுத்திலிருந்து மூன்று முதல் ஏழு வரை எத்தனை எடுத்தாலும் வரும் வரிசைகளைக் கூட்டினால் 13,650. ஒரு வார விடுமுறையில் எந்தப் பிள்ளையால் முடியும்? கலீல் இமாமும் இந்தப் பெருக்கத்தைச் சந்தித்தார். அரபு எழுத்துகள் 28. ஓரெழுத்து இரு முறை வராமல் ஈரெழுத்துச் சேர்க்கை 756, மூவெழுத்து 19,656, நான்கெழுத்து 4,91,400, ஐந்தெழுத்து 1,17,93,600. கூட்டினால் 1,23,05,412. இந்த எண்ணை அவர் பெயராலேயே பழைய நூல்கள் குறிக்கின்றன. காகிதமே அரிதாயிருந்த காலத்தில் இந்தக் கணக்கு!

கணக்கென்றதும் மற்றொரு செய்தி நினைவுக்கு வருகிறது. கடைக்குப் போகும் பணிப்பெண்ணைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாதபடி, அவளும் எளிதாகப் போடக்கூடிய ஒரு கணக்கு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கலீல் இமாம் தம் இறுதி நாட்களில் எண்ணிக்கொண்டிருந்தாராம். அந்தச் சிந்தனையிலேயே பள்ளிவாசலுக்குள் நுழைந்தவர் தூணில் மோதிக் கீழே விழுந்தார். அதுவே அவருடைய மரணத்துக்குக் காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் பதிந்திருக்கிறார். சகோதரியே, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பணிப்பெண்தான்.

ஒரு கோடியே இருபத்து மூன்று இலட்சத்தை அவர் எவ்வாறு சமாளித்தார்? வாயைக் கவனித்தார். எழுத்து எங்கே பிறக்கிறது என்னும் மக்ரஜை நீங்கள் சிறுவயதில் ஓதியபோது படித்திருப்பீர்கள். ஐனும் ஹாவும் நடுத்தொண்டையில் ஒட்டிப் பிறப்பவை. அவ்வளவு நெருங்கிய இரண்டு எழுத்துகள் அரபு வேர்ச்சொல் ஒன்றில் சேர்ந்து வாரா என்று அவர் கண்டார். அப்படியானால் அவை சேர்ந்த வரிசைகளைத் தேடவே வேண்டாம். நான்கெழுத்து, ஐந்தெழுத்துச் சொற்களில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றேனும் இல்லையென்றால் அது பெரும்பாலும் அரபுச் சொல்லன்று என்றும் கண்டார். ஒரே வீச்சில் எத்தனை இலட்சம் ஒழிந்தன பாருங்கள். தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரை எழுத்துகளை வரிசைப்படுத்தித் தம் நூலை ஐனில் தொடங்கினார். ஹம்ஸா அதனினும் ஆழமானதே. ஆனால் அது இடத்துக்கு இடம் உருமாறும் என்பதால் அதைத் தலைவாசலில் நிறுத்தவில்லை.

ஆங்கிலத்திலும் வாயைக் கேட்டால் வழி தெரியும். உங்கள் ஏழெழுத்தில் உயிர் இரண்டே என்றேன். அவற்றில் ஒன்றேனும் இல்லாமல் இங்கே சொல் பிறக்காது. ஆகவே ஏயையும் ஈயையும் நடுவில் வைத்துவிட்டு மெய்களை இருபுறமும் நகர்த்த வேண்டும். எல்லும் டீயும் சேர்ந்து ஆங்கிலச் சொல்லைத் தொடங்குவதில்லை. ஆனால் சால்ட் போல முடித்து வைக்கும். என்னும் டீயும் அவ்வாறே ரெண்ட்டில் முடிகின்றன. எஸ்ஸோடு டீயோ எல்லோ என்னோ சேர்ந்தால் தொடங்கலாம். ஸ்டார், ஸ்லேட், கண்ணியைக் குறிக்கும் ஸ்நேர் ஆகியவை அப்படி வந்தவை. பிள்ளையிடம் இதை விதியாகச் சொல்ல வேண்டாம். வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்குத் தடுமாறுகிறதா, விட்டுவிடலாம்.

மற்றொரு வழி, சிறு சொல்லை விதையாக ஊன்றுவது. காதைக் குறிக்கும் இயர் மூன்றெழுத்து. முன்னே என்னைச் சேர்த்தால் நியர், அருகே. பின்னே என்னைச் சேர்த்தால் எர்ன், சம்பாதி. அதற்கு முன்னே எல்லை வைத்தால் லெர்ன், கற்றுக்கொள். வீட்டு ரெண்ட்டின் பின்னே ஏயும் எல்லும் சேர்ந்தால் ரெண்டல். மேலும் ஓர் எஸ் சேர்ந்தால் ரெண்டல்ஸ். ஏழெழுத்தும் தீர்ந்தன! மான் கொம்புகளைக் குறிக்கும் ஆண்ட்லர்ஸ் என்பதும் அதே ஏழுதான். ஏழையும் தீர்த்த பிள்ளையின் முகத்தை அன்று பார்க்க வேண்டும்.

எந்த எழுத்து மிகுதியாக வரும், எது அருகி வரும் என்னும் அறிவும் துணை செய்யும். ஆங்கிலத்தில் ஈ தான் முதலிடம். எழுத்துகளை எண்ணும் இந்தக் கலைக்கும் மூலவர் நம் முன்னோரே. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, மறைமொழியில் எழுதப்பட்ட கடிதங்களைப் படிக்க, எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் முறையை எழுதிவைத்தார். 1930களில், நாட்டின் பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளின் எழுத்துகளை எண்ணி ஒரு சொல் விளையாட்டை அமைத்தார். பின்னர் 1948இல் அது ஸ்கிராபிள் என்று பெயர் பெற்றது. அதன் நூறு வில்லைகளில் ஈ பன்னிரண்டு; கியூ ஒன்றே ஒன்று. பந்தயம் கட்டாமல் வீட்டில் ஆடுவதானால் நல்ல விளையாட்டு அது. வாங்க வசதியில்லையென்றால் பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம்.

இனிக் கைப்பேசிக்கு வருகிறேன். அது நொடியில் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அகராதியில் லிசன் என்னும் சொல் எல்லில் இருக்கும். சைலண்ட் எஸ்ஸில் இருக்கும். செவிமடுத்தலும் மௌனமும் ஒரே ஆறு எழுத்துகள் என்பது அகர வரிசையில் தேடுவோருக்குத் தெரியவே தெரியாது. இயந்திரமோ ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முதலில் அகர வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. லிசனை அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டீ. சைலண்ட்டை அடுக்கினாலும் அதுவே வரும். அதுவே தலைப்பு, அதன் கீழ் இரண்டும், பெயர்ப்பதிவைக் குறிக்கும் என்லிஸ்ட்டும், சரிகையைக் குறிக்கும் டின்சலும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரே எழுத்துகளுக்கு ஒரே தலைப்பு! பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பஸராவில் ஒருவர் இல்மையும் அமலையும் சேர்த்து வைத்த முறையேதான். இடையில் வந்த அகராதியாசிரியர்கள் தேடுவோரின் வசதிக்காகத் தொண்டை வரிசையைக் கைவிட்டனர். ஹிஜ்ரி 321இல் மறைந்த இப்னு துரைத் எழுத்து வரிசைக்கு மாறியும், புரட்டிச் சேர்க்கும் முறையை மட்டும் விடவில்லை.

இதை உங்கள் மகளே செய்யலாம். ஒரு நோட்டில் ஒவ்வொரு புதுச் சொல்லையும் எழுத்துகளை வரிசையாக அடுக்கி அந்தத் தலைப்பில் எழுதி, எதிரே தமிழில் பொருளும் எழுதட்டும். ஆங்கில எழுத்து வரிசை உங்களுக்குத் தடுமாறும் என்றால் அப்ஜத் கணக்கை நினைவுகூருங்கள். அதில் கலமன் என்று ஒரு தொகுதி உண்டு: காஃப், லாம், மீம், நூன். ஆங்கிலத்தில் கே, எல், எம், என். கரஷத் என்று ஒரு தொகுதி: காஃப், ரா, ஷீன், தா. ஆங்கிலத்தில் கியூ, ஆர், எஸ், டீ. தற்செயலன்று, இரு நெடுங்கணக்குகளும் ஃபினீஷிய எழுத்து என்னும் ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவை. அவர்களுடைய ஐன் தான் கிரேக்கர் கையில் ஓ ஆகி ஆங்கிலத்துக்குப் போயிற்று. மகளுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியும் அந்த எழுத்துகள் நாம் ஓதும் எழுத்துகளுக்குச் சிற்றன்னை மக்கள்.

ஆகவே கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மஃரிப் வரை நீங்களும் மகளும் தேடுங்கள். அதன் பின் அதைத் திறந்து, விடுபட்டவற்றுள் ஐந்தை மட்டும் தெரிந்தெடுத்துப் பொருளோடு எழுதிக்கொள்ளட்டும். பொருள் சொல்ல முடியாத சொல்லுக்குக் கணக்கில் இடமில்லை என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள்.

ஆசிரியை கேட்ட மூன்று சொற்களையும் எழுதியிருந்தீர்கள். ஏர்ல் என்பது ஆங்கிலப் பிரபுக்களின் பட்டங்களுள் ஒன்று. ஸ்லாட் என்பது ஒடுங்கிய மரச்சட்டம். உங்கள் வீட்டு ஜன்னலிலேயே இருக்கக்கூடும். மூன்றாவது டெர்ன். அது ஒரு கடற்பறவை. கூரிய சிறகும் பிளந்த வாலுமாகக் கடலோரத்தில் பறந்து மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாயுமே, நம் கரையோரத்தார் ஆலா என்று அழைக்கும் பறவை, அதுதான். அந்தப் பெயர் தெரியாமல்தான் உங்கள் பிள்ளை அன்று நின்றுகொண்டிருந்தாள். மாலையில் கரைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

இறுதியாக, அவளிடம் நீங்கள் கேட்பதற்கு ஒரு புதிர் தருகிறேன். கியூ, ஏ, ஐ, டாலரின் முதலெழுத்தாகிய டி என்னும் நான்கெழுத்து. இந்நான்கையும் கொண்டு இரண்டு சொற்கள் வேண்டும். கியூவுக்குப் பின்னால் யூ வராமல் சொல்லே இல்லை என்று பள்ளியில் படித்திருப்பாள், முடியாது என்பாள். யூ இல்லாமல் கியூ வரும் சொற்கள் ஆங்கிலத்தில் மிகச் சில. அவற்றுட் பல அரபியிலிருந்து சென்றவை. ஏனெனில் அந்தக் கியூ வேறொன்றுமில்லை, அடிநாக்கில் பிறக்கும் நம் காஃப். ஃபகீர் அப்படிச் சென்றது. இந்நான்கெழுத்தில் பிறப்பவையும் அப்படிச் சென்றவையே. ஒன்று காஜி. ரமளானில் நாம் ளகரமாக எழுதும் எழுத்தை அவர்கள் டி ஆக்கியிருப்பதால் காதி போல ஒலிக்கும். மற்றொன்று, காயிதே மில்லத் என்னும் பெயரில் நாம் அறிந்த காயித், தலைவர். இரண்டையும் ஸ்கிராபிள் ஆடுவோர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவை ஏற்கெனவே தெரியும்.

விடையை அவளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் தேடட்டும்.